வருகைப் பதிவில் கவிதா

வளப்பூர் நாடு,
20.6.1999

அன்புள்ள தங்கச்சி கவிதாவுக்கு, அக்கா சென்னம்மாள் எழுதிக்கொண்டது. அப்பனுக்கு முட்டி வலி. மற்றபடி இங்கே குறை ஒன்றும் இல்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

ஒரு காரியம் செய்துவிட்டேன். முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு திட்டு. தகரப் பெட்டியில் இருந்த உன் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை எடுத்துக்கொண்டு போய், கீழே காளப்பநாயக்கன்பட்டியில் புதிதாக ஆரம்பித்திருக்கிற சமுதாயக் கல்லூரியில் உன் பெயரில் சேர்ந்துவிட்டேன். நர்சிங் உதவியாளர் படிப்பு, ஒரு வருஷம். முடித்தால் ஆஸ்பத்திரி வேலைக்கு அவர்களே சொல்லிவிடுவார்களாம். பஸ் கண்டக்டர் ராசு அண்ணன்தான் சொன்னார்.

எடப்புளி நாட்டில் வாக்கப்பட்ட இடத்தை வேண்டாம் என்று தீர்த்துக்கொண்டு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அப்பன் காட்டில் குச்சிக்கிழங்கு பிடுங்கியே நான் கிழவியாகிவிடுவேன் போலிருக்கிறது. எனக்கென்று ஒரு வேலை வேண்டும், கவிதா.

நான் லேட்டாகப் பள்ளிக்கூடம் சேர்ந்ததால் உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே வருஷம் பரீட்சை எழுதினேன். பேப்பரில் உன் நம்பர் இருந்தது. அடுத்த நம்பர் இல்லை. அது உனக்கும் ஞாபகம் இருக்கும். காலேஜ் என்றால் பத்தாவது பாஸ் கேட்காமலா இருப்பார்கள்? விசாரிக்கப் போனால் நீ பாஸா பெயிலா என்று திருப்பிக் கேட்பார்கள் என்று பயந்து நான் விசாரிக்கவே இல்லை. நேரே போய் மேசையில் மார்க் ஷீட்டை வைத்தேன். அங்கே எல்லாம் பார்த்துக்கொள்கிற சபீரா மேடம் வாங்கிப் பார்த்து, "நல்ல மார்க்தான்மா" என்று பீரோவில் வைத்துப் பூட்டினார். படிப்பு முடியும்போது திருப்பித் தருவார்களாம்.

நான் அக்டோபரில் திரும்ப எழுதிப் பாஸ் செய்ததாக ஊரிலும் ஊட்டிலும் சொல்லி வைத்திருக்கிறேன். யாராவது கேட்டால் நீயும் அப்படியே சொல்லிவிடு. அம்மா உன்னைக் கேட்டதாக எழுதச் சொல்கிறாள்.

உன் அக்கா,
சென்னம்மாள்


திருப்பூர்,
18.7.1999

அன்புள்ள அக்காவுக்குக் கவிதா எழுதுவது. நான் சுகம். கொஞ்சம் சளி பிடித்திருக்கிறது. அப்பனுக்கு வேப்பெண்ணெய் தடவிவிடு.

கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. உடனே எழுதியிருந்தால் கோபத்தில் எழுதியிருப்பேன். மார்க் ஷீட்டை நீ கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். நான் ஊரில் இல்லாதபோது என் பெட்டியைத் திறந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சரி, நடந்தது நடந்துவிட்டது. என்னிடம் ஒரு ஜெராக்ஸ் இருக்கிறது. ஒரிஜினலைத் தொலைத்துவிடாதே, மடிக்கவும் விடாதே.

இங்கே பனியன் கம்பெனியில் என்னைச் செக்கிங்கில் போட்டிருக்கிறார்கள். காலையிலிருந்து நின்றுகொண்டே பீஸைத் திருப்பித் திருப்பி ஓட்டை பார்க்க வேண்டும். ஹாஸ்டலுக்கு வந்தால் தலைமுடியெல்லாம் பஞ்சு.

நன்றாகப் படி. என் பெயரைக் கெடுத்துவிடாதே.

தங்கை,
கவிதா


வளப்பூர் நாடு,
5.9.1999

அன்புள்ள கவிதாவுக்கு, அனைவரும் நலம். உன் சளி விட்டதா? மிளகுக் கொடியில் இந்த வருஷம் நல்ல பிஞ்சு.

உன் பெயர் கெடவில்லை. போன வாரம் வைத்த டெஸ்டில் கவிதா மூன்றாவது. அதற்கு நான் படுகிற பாட்டைக் கேள். விடியுமுன் எழுந்து ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்கிறேன். மலைப் பாதையின் எழுபது வளைவுக்கும் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு இறங்குகிறேன். திரும்பி ஊடு வந்து சேர ஏழு ஏழரை. ஞாயிற்றுக்கிழமை அப்பன் காடு. உடம்பில் அசதி எங்கே இருக்கிறது என்று கேட்டால், எங்கே இல்லை என்றுதான் தேட வேண்டும்.

கல்லூரி என்றவுடன் பெரிதாக நினைக்காதே. சபீரா மேடத்தின் அண்ணன் அபுதாஹிர் பாயுடைய இரும்புக் கடை மாடியில் இரண்டு ரூம். பாடம் நடக்கும்போது கீழே கம்பி இறக்குவார்கள், காது கிழியும். ஆனால் மேடம் சொல்லிக்கொடுத்தால் மண்டையில் ஏறுகிறது. ரத்தக் கொதிப்பு பார்க்கக் கற்றுக்கொண்டேன். குழாயைக் காதில் வைத்து அந்த டப் டப் என்ற சத்தம் முதல் தடவை கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் இப்படி ஒன்றைத் தொட்டுக் கற்றுக்கொடுத்திருந்தால் நான் பெயிலாகியிருக்க மாட்டேன்.

காலையில் வருகை எடுக்கும்போது "கவிதா" என்பார். முதல் மாதம் எல்லாம் சும்மா உட்கார்ந்திருப்பேன். மேடம் எனக்குக் காது மந்தம் என்று நினைத்துவிட்டார். இப்போது சட்டென்று எழுந்து உள்ளேன் சொல்லிவிடுகிறேன். ஊட்டில் அம்மா சென்னம்மா என்று கூப்பிட்டால்தான் யாரோ என்று தோன்றுகிறது.

ராசு அண்ணன் பொண்டாட்டி ருக்குமணி தானும் சேரலாமா என்று கேட்டாள். எட்டாவதோடு நின்றவள். "பத்தாவது பாஸானவங்களுக்குத்தான்" என்று சொல்லி அனுப்பினேன். இன்னும் ஐந்தாறு பேர் கேட்டார்கள், அவர்களுக்கும் அதைத்தான் சொன்னேன். இப்போது நம் வளப்பூர் நாடு முழுக்க அதுதான் பேச்சு. ருக்குமணி முகம் சுண்டிப்போயிற்று. நான் என்ன செய்ய?

இப்படிக்கு,
உன் பெயரில் திரியும் அக்கா


திருப்பூர்,
26.12.1999

அன்புள்ள அக்காவுக்கு, நலம். எல்லோர் நலத்துக்கும் எழுது. பதில் எழுத நாலு மாதமாகிவிட்டது. ஓவர்டைம்.

அவசரமாக ஒரு விஷயம். நம் ஊர் வேல்முருகனிடம் அப்பன் கொடுத்தனுப்பிய இன்டர்வியூ கார்டு வந்தது. உனக்குத் தெரிந்திருக்காது, நீ அப்போது வகுப்பில் இருந்திருப்பாய். நம் ஊர் அங்கன்வாடிக்கு ஆள் எடுக்கிறார்கள். உள்ளூர்ப் பெண், பத்தாவது பாஸ். ஜனவரி 20 நாமக்கல்லில் இன்டர்வியூ. ஒரிஜினல் மார்க் ஷீட் கட்டாயம் என்று போட்டிருக்கிறது.

அக்கா, எனக்கு இந்த வேலை வேண்டும். இங்கே போதும் என்றாகிவிட்டது. இந்த வேலை கிடைத்தால் நம் ஊட்டிலேயே இருந்துகொண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளலாம். நான் உன்னிடம் எதுவும் கேட்டதில்லை. 19ஆம் தேதிக்குள் மார்க் ஷீட்டை வாங்கி ராசு அண்ணனிடம் கொடுத்துவிடு. நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொள்கிறேன்.

தங்கை,
கவிதா


வளப்பூர் நாடு,
9.1.2000

அன்புள்ள கவிதாவுக்கு, அனைவரும் சுகம். உன் கடிதம் கிடைத்தது. படித்ததும் அம்மா உனக்காக வேண்டிக்கொண்டு ஒரு ரூபாய் முடிந்து வைத்தாள்.

பீரோ சாவி மேடத்திடம்தான் இருக்கிறது. அவர் வெளியூர் போயிருக்கிறார், பொங்கல் கழித்துத்தான் வருவார் என்கிறார்கள். வந்ததும் கேட்கிறேன். கிடைக்காவிட்டால் நீ ஜெராக்ஸில் ஒரு ஆபீசரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போ. அதுவே போதும் என்று இங்கே சொல்கிறார்கள்.

குளிர் அதிகமாக இருக்கிறது. நீ வரும்போது சுவெட்டர் கொண்டு வா.

அக்கா,
சென்னம்மாள்


திருப்பூர்,
6.2.2000

அன்புள்ள அக்காவுக்கு, நலம்.

இன்டர்வியூவுக்கு நான் போகவில்லை. லீவு கிடைக்கவில்லை. நீ அதை நினைத்துக் கவலைப்படாதே. அம்மாவின் அந்த ஒரு ரூபாயை அவிழ்த்துவிடச் சொல். பரீட்சையை நன்றாக எழுது.

கவிதா


வளப்பூர் நாடு,
19.3.2000

கவிதாவுக்கு, அக்கா எழுதுவது. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு வாய் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

வியாழக்கிழமை எங்களைப் பயிற்சிக்காக ஒரு டாக்டரம்மாவின் கிளினிக்கில் நிறுத்தியிருந்தார்கள். மேடமும் இருந்தார். வெள்ளைக் கோட்டில் கவிதா என்று பேட்ஜ் குத்திக்கொண்டு நிற்கிறேன். பலாப்பழம் வெட்டும்போது கையைக் கிழித்துக்கொண்டு நம் ஊர் கண்ணாயி பெரியம்மா வந்துவிட்டாள். என்னைப் பார்த்ததும் கை வலியெல்லாம் மறந்துபோய், "ஏஞ் சென்னம்மா, நீயா சாமி! சின்னுசாமி மூத்த புள்ளைங்க இவ, எங்கூர்ப் புள்ள" என்று கிளினிக் முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னாள். மேடம் என் பேட்ஜைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். பெரியம்மாவுக்குக் கட்டுப் போட்டு அனுப்பிய பிறகு கடை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என்னைப் போலீசில் கொடுத்துவிடாதீர்கள் என்று காலில் விழப் போனேன். மேடம் முதலில் சிரித்தார். அப்புறம் நெற்றியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "ஏம்மா, பத்தாவது பெயிலானவங்க, பாதியில நின்னவங்களுக்காகத்தானே இதை ஆரம்பிச்சதே. நீ மார்க் ஷீட்டைக் கொண்டுவந்து வெச்சே, நான் வாங்கி வெச்சேன். நான் கேட்டேனா?" என்றார்.

கேட்கவில்லை, கவிதா. அவர்கள் கேட்கவே இல்லை. எங்கள் வகுப்பில் பதினெட்டுப் பேரில் பதினொரு பேர் பெயில். ஒருத்தியும் வாயைத் திறக்காமல் ஒன்பது மாதம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம். அவளவள் வெட்கம் அவளவளுக்கு.

உன் பெயரில் இனிப் பரீட்சை எழுத முடியாது. "தெரியாம இருந்திருந்தா கையெழுத்துப் போட்டிருப்பேன், தெரிஞ்ச பிறகு முடியாது" என்றார் மேடம். ஜூனில் என் பெயரில் முதலிலிருந்து சேர வேண்டும். ஒரு வருஷம் ஏறி இறங்கியதெல்லாம் வளைவோடு போயிற்று.

இனிமேல்தான் உனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. அன்று பஸ்ஸில் அழுதுகொண்டு வந்தேன். ராசு அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து என்னவென்று கேட்டார். சொன்னேன். அவர், "ஜனவரியில உன் தங்கச்சிய நாமக்கல் பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். சொல்ல வேண்டாம்னு கையெடுத்துக் கும்பிட்டுச்சு கண்ணு, அதான் சொல்லல" என்றார். நீ போயிருக்கிறாய்.

மேடம் எந்த ஊருக்கும் போகவில்லை. பொங்கலுக்கு முன்னும் பின்னும் ஆபீசில்தான் இருந்தார். இரண்டு தடவை கதவு வரை போய் நின்றுவிட்டுத் திரும்பினேன். ஏன் கேட்கிறாய் என்று கேட்டால் எல்லாம் வெளியே வந்துவிடும் என்று பயம். என் படிப்பு போய்விடும் என்று உன் வேலையைப் போகவிட்டேன். இதை எப்படித் திருப்பி எழுதினாலும் இப்படித்தான் வருகிறது.

மார்க் ஷீட்டை அட்டை வைத்து ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியிருக்கிறேன். மடங்கவில்லை.

சென்னம்மாள்


வளப்பூர் நாடு,
30.4.2000

அன்புள்ள கவிதாவுக்கு, அப்பன், அம்மா நலம். நீ கையெழுத்துப் போட்ட ரிஜிஸ்டர் அட்டை திரும்பி வந்தது. அதனால் உனக்குக் கிடைத்துவிட்டது என்று தெரியும். கடிதம் இல்லை. நான் குறை சொல்லவில்லை.

நம் வளப்பூரிலேயே கல்லூரிக்கு ஒரு கிளை போட மேடம் முயற்சி செய்கிறார். சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கட்டடம் பார்த்தாகிவிட்டது. கிளினிக், ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம் என்று எங்கு பார்த்தாலும் வேலை பழகிய கை கிடைக்கவில்லையாம். மலையிலோ கை இருக்கிறது, படிக்க வழியில்லை. கிளை வந்தால் பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டு யாரும் இறங்க வேண்டியதில்லை என்கிறார். ஆனால் ஜூன் 15க்குள் இருபது பேர் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் மேலிடத்தில் வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

மேடம் போன மாதம் வந்து ஊர் ஊராகச் சொல்லிப் பார்த்தார். நாலே பேர். மற்றவர்கள் எல்லாம், "அது பாஸானவங்களுக்குங்க, எங்களுக்கு இல்லீங்க" என்று சொல்லிவிட்டார்களாம். இல்லை என்று அவர் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியும் நம்பவில்லை. "எங்கூர்ப் புள்ளையே போய்ப் படிக்குது, அது சொல்றது பொய்யா இருக்குமா?" என்று கேட்டார்களாம்.

யார் அந்தப் புள்ளை என்று உனக்குத் தெரியும். மேடம் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ரத்தக் கொதிப்பு பார்க்கிற மெஷினை என் கையில் கொடுத்து, "நீயே போய்ச் சொல்லு" என்றார். நாளையிலிருந்து போக வேண்டும். எதைச் சொல்லக் கூடாது என்று ஒரு வருஷம் உன் பெயருக்குப் பின்னால் ஒளிந்திருந்தேனோ, அதையே வாசல் வாசலாகச் சொல்ல வேண்டும்.

ஒரு வரியாவது எழுது.

அக்கா,
சென்னம்மாள்


திருப்பூர்,
14.5.2000

அக்காவுக்கு, கவிதா எழுதுவது. அப்பனையும் அம்மாவையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

ஒரு வரி கேட்டாய். நிறையவே எழுதுகிறேன். அன்று நான் ஜெராக்ஸை எடுத்துக்கொண்டு போனேன். நீ எழுதியபடி ஒரு ஆபீசரிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தேன். வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றேன். மேசைக்குப் பின்னால் இருந்த அம்மா நல்லவர்தான். "ஒரிஜினல் எங்கம்மா?" என்றார். அக்கா படிக்கிற இடத்தில் இருக்கிறது என்று வாய் வரை வந்தது. சொன்னால் உன்னைப் பிடித்துக்கொள்வார்களோ என்று, "தொலைஞ்சுபோச்சுங்க" என்றேன். என்னைப் பாவமாகப் பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பஸ் ஸ்டாண்டில் நம் பஸ் நின்றது. ராசு அண்ணன், "ஏறு கண்ணு" என்றார். ஏறியிருந்தால் உன்னை அடித்திருப்பேன். அதனால்தான் திருப்பூர் பஸ்ஸில் ஏறினேன்.

சளி என்று எழுதினேனே, அது சளி இல்லை. பஞ்சுத் தூசி. போன வருஷமே டாக்டர் கம்பெனியை விட்டுவிடச் சொல்லிவிட்டார். அதற்காகத்தான் அந்த வேலையைக் கேட்டேன். உன் படிப்பு கெட்டுவிடும் என்று அதையும் உனக்கு எழுதவில்லை. நீ என்னிடம் மறைத்தாய், நான் உன்னிடம் மறைத்தேன்.

கோபம் இன்னும் போகவில்லை. சாவி இல்லை என்று எழுதினாயே, அந்த ஒரு வரிக்குத்தான். மற்றதெல்லாம் ஆறிவிடும்.

எத்தனை பேர் சேர்ந்தார்கள்?

கவிதா


வளப்பூர் நாடு,
4.6.2000

அன்புள்ள கவிதாவுக்கு. உன் கடிதத்தை அப்பனுக்கும் அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். என்னுடைய பொய்யையும் சேர்த்துத்தான். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. உன் மருந்தை ஒரு வேளையும் விட்டுவிடாதே. இதை நர்சாகச் சொல்லவில்லை, நான் இன்னும் நர்ஸ் இல்லை.

முதலில் ருக்குமணி ஊட்டுக்குத்தான் போனேன். மெஷினை வைத்து அவள் மாமியாருக்குக் கொதிப்பு பார்த்தேன். நூற்று எழுபது. டாக்டரிடம் காட்டச் சொல்லி எழுதிக்கொடுத்துவிட்டு, "நான் பத்தாவது பெயிலு ருக்குமணி, அக்டோபரிலயும் எழுதல" என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஒரு வருசமா நான் வாசக் கூட்டயில என்னயப் பாத்துக்கிட்டே பஸ்ஸேறிப் போனியே சென்னம்மா" என்றாள். மூன்று தடவை போனேன். மூன்றாம் தடவை நோட்டை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

அப்புறம் ஒவ்வொரு ஊடாக ஏறி இறங்கினேன். எல்லா இடத்திலும் அதே வேலை. கையில் பட்டையைச் சுற்றுவேன், அளவு சொல்வேன், அப்புறம் நான் பெயில் என்று சொல்வேன். முதல் பத்து ஊட்டில் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். பிறகு பழகிவிட்டது. சிரித்தவர்களும் உண்டு. ஒரு கிழவர், "பெயிலானதுக்கே இத்தன தெரியுதா?" என்று கேட்டுவிட்டுத் தன் மருமகளை அனுப்பி வைத்தார். கால் வீங்கிப்போயிற்று. படுத்தால் எழுந்திருக்கத் தோன்றவில்லை.

நோட்டில் முதல் பெயர் சென்னம்மாள். மொத்தம் பத்தொன்பது. இதற்கு மேல் ஆள் இல்லை, எடப்புளி வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டேன். மேடம், "உன் தங்கச்சி பேரைப் போட்டுக்கலாமா? அவங்க உடம்புக்கும் மலைதானே நல்லது" என்றார். பேனாவைக் கையில் கொடுத்தார். நான் எழுதவில்லை. உன்னைக் கேட்காமல் உன் பெயரை ஒரு தடவை எடுத்தேன். இன்னொரு தடவை எடுக்க மாட்டேன், கிளை வராமல் போனாலும் சரி.

15ஆம் தேதி கடைசி. உன் இஷ்டம். வராவிட்டால் நான் மனவருத்தப்படுவேன், உன்மேல் அல்ல.

அக்கா,
சென்னம்மாள்


திருப்பூர்,
11.6.2000

அன்புள்ள அக்காவுக்கு, கவிதா எழுதுவது. இருமல் பரவாயில்லை.

கம்பெனியில் கணக்கு முடித்துவிட்டேன். புதன்கிழமை மதியம் பஸ்ஸில் வாரேன், ராசு அண்ணனிடம் சொல்லி வை. இருபதாவது வரியில் இடம் விட்டு வை, நானே வந்து எழுதுகிறேன். கோபம் முழுக்கப் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. ஊட்டுக்கு வந்த பிறகும் கொஞ்ச நாள் இருக்கும்.

ரத்தத்தைப் பார்த்தால் நான் மயங்கி விழுவேன் என்று உனக்குத் தெரியும். விழுந்தால் பிடித்துக்கொள்.

இன்னொன்று. மேடம் வருகை எடுக்கும்போது கவிதா என்று கூப்பிட்டால், பழக்கத்தில் நீ எழுந்து நிற்காதே. நான் இருப்பேன்.

உன் தங்கை,
கவிதா